ஏழு சென்டிமீட்டர்

1984-ஆம் ஆண்டு. ஆகஸ்ட் மாதம் 8-ஆம் நாள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நகரில் ஒலிம்பிக் போட்டி நடக்கிறது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். இறுதிச் சுற்று. எட்டுப் பெண்கள் ஓடத் தயாராக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தியப் பெண். பெயர் பி.டி.உஷா. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள பய்யோளி அவருடைய ஊர். அப்போது அவருக்கு வயது 20.

400 மீட்டர் என்பது ஓடுகளத்தில் ஒரு முழுச் சுற்று. வழியில் 10 தடைகள் இருக்கும். ஒவ்வொரு தடையும் இரண்டரை அடி உயரம். ஓடிக்கொண்டே அவற்றைத் தாண்ட வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்த ஓட்டம் அந்த ஆண்டுதான் முதல்முறையாக வந்தது. அரையிறுதியில் உஷா முதலாவதாக வந்திருந்தார். அதனால் நம் நாட்டில் பலரும் ஒரு பதக்கத்தை எதிர்பார்த்தார்கள்.

ஓட்டம் முடிந்தது. மொராக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில் 54.61 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அமெரிக்கப் பெண் இரண்டாவதாக வந்தார். மூன்றாவது யார்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். ருமேனியா நாட்டுப் பெண் 55.41 நொடி. உஷா 55.42 நொடி. வெண்கலப் பதக்கம் ருமேனியாவுக்குப் போயிற்று. உஷாவுக்கு நான்காம் இடம்.

இரண்டு பேருக்கும் இடையே எவ்வளவு நேரம்? ஒரு நொடியை நூறு பங்காக வெட்டுங்கள். அதில் ஒரே ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இதைத் தூரமாகவும் கணக்கிடலாம். உஷா 55.42 நொடியில் 400 மீட்டர் ஓடினார். அப்படியானால் ஒரு நொடியில் சராசரியாக 7 மீட்டருக்குச் சற்று மேல். நூறில் ஒரு பங்கு நொடியில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். உங்கள் கையில் நான்கு விரல்களைச் சேர்த்து வையுங்கள். அந்த அகலம்தான்.

400 மீட்டர் ஓடியதில் நான்கு விரல் அகலம் குறைந்துவிட்டது. அது எங்கே குறைந்தது? கிளம்பும்போதா? நடுவிலா? கடைசியிலா?

கிளம்பும் இடம்

நின்றுகொண்டிருக்கும் பார வண்டியை மாடுகள் எப்படி இழுக்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். முதல் இழுப்புத்தான் கடினம். மாடுகள் தலையைத் தாழ்த்தும். பின்னங்கால்களைத் தரையில் ஊன்றும். உடம்பு முழுவதையும் முன்னால் தள்ளும். சக்கரம் உருளத் தொடங்கிவிட்டால் பிறகு அவ்வளவு சிரமம் இல்லை.

விரைவோட்டமும் அப்படித்தான். நிற்கும் உடம்பை ஓடும் உடம்பாக மாற்றுவதுதான் பெரிய வேலை. அதற்குத் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். நாம் தரையை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாகத் தரை நம்மை முன்னால் தள்ளும். படகிலிருந்து கரைக்குத் தாவும்போது படகு பின்னால் போகிறது. நாம் முன்னால் போகிறோம். அதே விதிதான் இது. ஆனால் தரை படகைப்போல் நகராது. அதனால் தள்ளியதன் முழுப் பயனும் நமக்கே கிடைக்கும்.

நிமிர்ந்து நின்றபடி தரையைப் பின்னால் தள்ள முடியாது. கால் கீழ்நோக்கித்தான் அழுத்தும். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தால்தான் பின்னால் தள்ள முடியும். இதற்காகத்தான் ஓட்டக்காரர்கள் கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்து கிளம்புகிறார்கள்.

முன்பு எல்லோரும் நின்றபடிதான் கிளம்பினார்கள். 1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அங்கே தாமஸ் பர்க் என்ற அமெரிக்கர் குனிந்து கைகளை ஊன்றினார். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. 100 மீட்டர் ஓட்டத்தில் அவர்தான் வென்றார். பிறகு அது எல்லோருடைய முறையும் ஆகிவிட்டது. கால் வழுக்காமல் இருக்க ஓடுகளத்தில் சின்னக் குழி தோண்டிக்கொள்வார்கள். 1936-இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ்கூட ஒரு சிறு கரண்டியால் குழி தோண்டித்தான் கிளம்பினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து குழிக்குப் பதிலாக ஒரு கருவி வந்தது. அதன் பெயர் ஸ்டார்ட்டிங் பிளாக். நடுவில் ஒரு தண்டு. அதன் இரு பக்கமும் கால் வைக்கச் சாய்வான இரண்டு கட்டைகள். தண்டு தரையில் ஆணியால் பதிந்திருக்கும்.

இன்று பெரிய போட்டிகளில் 400 மீட்டர் வரை உள்ள எல்லா ஓட்டங்களிலும் இந்தக் கருவியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

கால் வைக்கும் அளவு

பிளாக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது? அளவு நாடா தேவை இல்லை. ஓடுபவரின் பாதமே போதும். கோட்டிலிருந்து இரண்டு பாதம் பின்னால் முன் கட்டை. மூன்று பாதம் பின்னால் பின் கட்டை. புதிதாகக் கற்பவர் இதில் தொடங்கலாம். பிறகு தன் கால் நீளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம்.

எந்தக் கால் முன்னால்? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நேராக நில்லுங்கள். கால்களை அசைக்காமல் உடம்பை முன்னால் சாயுங்கள். விழப்போகும்போது ஒரு கால் தானாக முன்னால் வரும். அது சுறுசுறுப்பான கால். அதைப் பின் கட்டையில் வைக்க வேண்டும். மற்றக் கால் முன் கட்டையில். பெரும்பாலானவர்களுக்கு இது சரியாக வரும். சரிவராதவர்கள் மாற்றிப் பார்க்கலாம்.

200 மீட்டரும் 400 மீட்டரும் வளைவில் தொடங்கும். அங்கே பிளாக்கை நேராக வைத்தால் நான்கு எட்டு வைப்பதற்குள் பக்கத்துப் பாதைக்குப் போய்விடுவோம். அதனால் தன் பாதையின் வெளிப்பக்க ஓரத்தில் வைத்து, உள்பக்கக் கோட்டை நோக்கிச் சற்றுத் திருப்பி வைப்பார்கள். அப்போது முதல் சில எட்டுகள் நேராக விழும்.

மூன்று கட்டளைகள்

முதல் கட்டளை "ஆன் யுவர் மார்க்ஸ்". அவரவர் இடத்துக்கு வரவேண்டும் என்று பொருள். ஓடுபவர் முன்னால் வந்து குனிகிறார். கால்களைக் கட்டையில் வைக்கிறார். பின் முழங்கால் தரையில் படுகிறது. கைகள் கோட்டுக்குப் பின்னால். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், ஒரு வளைவு போல. கோட்டைத் தொடக்கூடாது. இரண்டு கைகளுக்கும் நடுவே தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம். கழுத்து இறுகக்கூடாது. பார்வை தரையில்.

இரண்டாம் கட்டளை "செட்". தயாராக இரு என்று பொருள். இப்போது முழங்கால் தரையை விட்டு எழுகிறது. இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் உயர்கிறது. தோள்கள் கைகளுக்குச் சற்று முன்னால் வருகின்றன. முன்கால் முழங்காலில் ஏறக்குறைய செங்கோணமாக மடங்கியிருக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையைப்போல. பின்கால் அதைவிட விரிந்திருக்கும். இரண்டு பாதங்களும் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும். அதன்பிறகு அசையக்கூடாது.

புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. இடுப்பை மிக உயரத் தூக்கிவிடுவார்கள். கால் ஏற்கெனவே நீண்டுவிட்டால் பிறகு எதை நீட்டித் தள்ளுவது? அமுக்கிய சுருள்கம்பிதான் துள்ளும். நீண்ட கம்பி துள்ளாது.

மூன்றாவது துப்பாக்கி ஓசை. இரண்டு கால்களும் சேர்ந்து தள்ளுகின்றன. பின்கால் முதலில் கட்டையை விட்டு வருகிறது. முன்கால் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளுகிறது. அது முழுவதும் நீளும்வரை தள்ள வேண்டும். இந்தத் தள்ளல் மொத்தமும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போது குதிகாலிலிருந்து தலைவரை உடம்பு ஒரே சாய்ந்த கோடாக இருக்கும். சுவரில் சாத்திய ஏணியைப்போல.

பிறகு அவசரப்பட்டு நிமிரக்கூடாது. தலையைத் தூக்கி எதிரே பார்க்கத் தோன்றும். தலை தூக்கினால் முதுகு நிமிரும். முதுகு நிமிர்ந்தால் தள்ளல் போய்விடும். முதல் எட்டு சிறியது. அடுத்தது கொஞ்சம் பெரியது. இப்படி ஒவ்வொன்றாக நீண்டு, 20 அல்லது 30 மீட்டருக்குள் உடம்பு மெதுவாக நிமிர வேண்டும். கைகளை முன்னும் பின்னும் பலமாக வீச வேண்டும். கை சோம்பினால் காலும் சோம்பும்.

பள்ளியில் பிளாக் இல்லை என்றால்?

பல ஊர்ப் பள்ளிகளில் மண் திடல்தான் உண்டு. பிளாக் கிடையாது. அதனால் கற்க முடியாது என்று இல்லை. ஒருவர் பின்னால் உட்கார்ந்து தன் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். ஓடுபவர் தன் பாதங்களை அவற்றில் முட்டுக்கொடுத்துக் கிளம்பலாம். ஓவன்ஸ் செய்ததுபோல் மண்ணில் குழியும் தோண்டலாம். ஆனால் பயிற்சி முடிந்ததும் குழியை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்து ஓடுபவருக்குக் கால் பிசகிவிடும்.

கிளம்பும் பயிற்சியை 20 அல்லது 30 மீட்டர் ஓடினால் போதும். ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. ஓய்வு கொடுப்பது சோம்பல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. களைத்த கால் மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடிப் பழகினால் உடம்பு மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்ளும்.

ஊர்ப் போட்டி நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஓசை ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். விசில் ஊதுபவர் ஒரு ஓரத்தில் நின்றால், அவர் அருகில் இருப்பவருக்கு ஓசை முதலில் கேட்கும். 10 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நூறில் மூன்று பங்கு நொடி தாமதமாகக் கேட்கும். உஷா இழந்தது நூறில் ஒரு பங்குதான்! அதனால் விசில் ஊதுபவர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். பெரிய போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஒலிபெருக்கி வைக்கிறார்கள்.

முந்திக் கிளம்பினால்

துப்பாக்கி ஓசைக்கு முன் கிளம்புவது பிழை. ஓசை காதில் விழ வேண்டும். மூளைக்குப் போக வேண்டும். மூளை காலுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும் என்று விதி சொல்கிறது. அதற்கு முன்பே கால் தள்ளினால், அவர் ஓசையைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பிவிட்டார் என்று பொருள். பெரிய போட்டிகளில் பிளாக்கில் இணைத்த கருவி இதைக் காட்டிக்கொடுக்கும்.

1984-இல் விதி இளக்கமாக இருந்தது. ஒருவர் ஒரு முறை முந்தினால் எச்சரிக்கை மட்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் இறுதிச் சுற்றில் இதுதான் நடந்தது. முதல் ஓசைக்கு உஷா மிக நன்றாகக் கிளம்பினார். ஆனால் வேறொருவர் முந்திவிட்டதால் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடியும் குனிய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை முதல்முறைபோல் கிளம்ப முடியவில்லை என்று உஷாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஏழு சென்டிமீட்டரில் ஒரு பங்கு அங்கே போயிருக்கலாம். முந்தியது அவர் பிழை அல்ல. ஆனாலும் இழப்பில் அவருக்கும் பங்கு வந்தது.

2010 முதல் விதி கடுமையாகிவிட்டது. ஒரு முறை முந்தினாலே வெளியே போக வேண்டும். 2011-இல் தென்கொரியாவில் நடந்த உலகப் போட்டியில் உசைன் போல்ட் இப்படித்தான் வெளியேறினார். 2009-இல் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடி உலக சாதனை செய்தவர் அவர். அவருக்கும் விதி ஒன்றுதான்.

வலிமை எங்கிருந்து வருகிறது?

உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம்.நம்பியார். விமானப்படையில் வேலை பார்த்தவர். பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் பயிற்சியாளர் படிப்புப் படித்தார். கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவில் சிறுமி உஷாவைக் கண்டுபிடித்தவர் அவர்தான். துரோணாச்சாரியார் விருது 1985-இல் முதல்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 2021-இல் காலமானார்.

பய்யோளியில் நல்ல ஓடுகளம் இல்லை. கடற்கரை இருந்தது. நம்பியார் உஷாவை மணலில் ஓடவிட்டார். மணலில் கால் புதையும். ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் பலப்படும். இல்லாததை நினைத்து உட்காராமல் இருப்பதை வைத்துச் செய்த பயிற்சி அது. ஆனால் மணல் மட்டும் போதாது. மணலில் கால் மெதுவாகத்தான் எழும். வேகம் பழக உறுதியான தரையும் வேண்டும். குதிகால் நரம்பில் வலி உள்ளவர்கள் மணலில் ஓடவே கூடாது.

இங்கே ஒரு கேள்வி வரும். நம் பெண்கள் தண்ணீர்க் குடம் சுமக்கிறார்கள். விறகு சுமக்கிறார்கள். நாற்று நடுகிறார்கள். அவர்களுக்கு வலிமை இல்லையா? உண்டு. ஆனால் அது நெடுநேரம் தாங்கும் வலிமை. ஓட்டத்துக்கு வேண்டியது நொடியில் வெடிக்கும் வலிமை. முழு வேகத்தில் ஓடும்போது கால் தரையில் படும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி தேவை.

எதைப் பலப்படுத்துவது? பிட்டம், தொடையின் முன்புறம், பின்புறம், கெண்டைக்கால். வயிறும் முதுகும்கூட. வயிறு தளர்ந்திருந்தால் கால் கொடுக்கும் பலம் தோளுக்குப் போய்ச் சேராது.

வீட்டிலும் திடலிலும் செய்யக்கூடியவை

நம் நாட்டு மல்யுத்த வீரர்கள் காலங்காலமாகச் செய்வது தண்டாலும் பஸ்கியும். இரண்டுமே ஓட்டக்காரருக்கும் உதவும். பஸ்கி என்றால் உட்கார்ந்து எழுவது. கால்களைத் தோள் அகலம் விரித்து நிற்க வேண்டும். முக்காலியில் உட்காருவதுபோல் இடுப்பைப் பின்னால் கொண்டுபோய்க் கீழே இறங்க வேண்டும். முதுகு கூனக்கூடாது. குதிகால் தரையிலிருந்து எழக்கூடாது. முழங்கால் உள்பக்கமாக மடங்கக்கூடாது. பாதம் பார்க்கும் பக்கமே முழங்காலும் பார்க்க வேண்டும். இறங்கும்போது மெதுவாக. எழும்போது வேகமாக. 10 முறை செய்துவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. எண்ணிக்கையை நூறு, இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போவதில் ஓட்டக்காரருக்குப் பயன் இல்லை. சரியாகவும் வேகமாகவும் செய்வதில்தான் பயன்.

இது எளிதாக வந்தபிறகு முழங்கால் உயரப் படி ஒன்றில் ஒற்றைக் காலால் ஏறி இறங்கலாம். ஓட்டம் என்பதே ஒற்றைக் கால் வேலைதான். எந்த நேரமும் ஒரு காலுக்கு மேல் தரையில் இருக்காது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது கெண்டைக்காலுக்கு நல்லது.

தொடையின் பின்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விரைவோட்டக்காரர்களுக்கு அடிக்கடி காயம் படும் இடம் அதுதான். ஓடும்போது "சுளீர்" என்று இழுத்துவிடும். பிறகு பல வாரம் ஓட முடியாது. அதற்கு ஒரு பயிற்சி. மெத்தென்ற இடத்தில் முழங்காலிட்டு நிற்க வேண்டும். ஒருவர் பின்னால் இருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதுகை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். முடியாதபோது கைகளை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் நான்கு ஐந்து முறை போதும். அதற்கே வலிக்கும்.

வெடிக்கும் வலிமைக்குத் தாவல் நல்லது. நின்ற இடத்திலிருந்து இரு கால்களையும் சேர்த்து முன்னால் தாவுங்கள். தாவிய தூரத்தை அளந்து குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் வலிமை கூடுகிறதா என்று தெரிந்துவிடும். மேட்டில் 20, 30 மீட்டர் ஏறி ஓடுவதும் நல்லது. மேட்டில் ஓடும்போது உடம்பு தானாகவே முன்னால் சாயும். பழைய ஸ்கூட்டர் டயரைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுக்கலாம். ஆனால் பாரத்தால் ஓடும் முறையே கெட்டுப்போனால் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

இரும்புக் கம்பியில் பளு ஏற்றிப் பஸ்கி செய்வதுதான் இன்றைய பெரிய ஓட்டக்காரர்களின் முக்கியப் பயிற்சி. இதைப் பயிற்சியாளர் இல்லாமல் செய்யக்கூடாது. முதலில் வெறும் கம்பி. முறை பழகியபிறகு பளு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். பளு தூக்கினால் பெண்களின் உடம்பு ஆண்களைப்போல் ஆகிவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அது வீண் பயம்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் வலிமைப் பயிற்சி போதும். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். பயிற்சியின்போது தசை சோர்கிறது. ஓய்வின்போதும் தூக்கத்தின்போதும்தான் அது வளர்கிறது. எந்தப் பயிற்சிக்கும் முன்னால் 15 நிமிடம் மெதுவாக ஓடி, கைகால்களை அசைத்து, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த உடம்போடு முழு வேகத்தில் கிளம்புவது காயத்தைக் கூப்பிடுவதாகும்.

கஞ்சியும் ஊறுகாயும்

லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா என்ன சாப்பிட்டார் தெரியுமா? ஒலிம்பிக் விடுதியில் கிடைத்த அந்நாட்டு உணவு அவருக்கு ஒத்துவரவில்லை. வேறு சத்தான உணவும் கிடைக்கவில்லை. அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார். அதனால்தான் கடைசி 35 மீட்டரில் பலம் குறைந்தது என்றும் சொன்னார்.

உலகின் மிகப் பெரிய போட்டி. அதில் ஓடப்போகிறவருக்குக் கஞ்சி. அந்த ஏழு சென்டிமீட்டருக்கு உஷா மட்டும் பொறுப்பில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

கஞ்சி கெட்ட உணவு அல்ல. ஓடுவதற்கான எரிபொருள் அரிசியில் உண்டு. ஆனால் தசையைக் கட்டும் சத்து அதில் குறைவு. பருப்பு, முட்டை, மீன், பால், நிலக்கடலை, கொண்டைக்கடலை, பயறு இவற்றில்தான் அந்தச் சத்து அதிகம். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்கு இவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். விலை உயர்ந்த சத்து மாவு தேவை இல்லை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு முட்டையும் அதைவிட மேல்.

இன்னொன்று இரத்தச்சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. இரத்தம் குறைந்தால் உடம்புக்குப் போதிய பிராணவாயு கிடைக்காது. சீக்கிரம் மூச்சு வாங்கும். கால் கனக்கும். "பிள்ளை சோம்பேறி, ஓட மாட்டேன் என்கிறாள்" என்று திட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் உதவும். மருத்துவர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட வேண்டும். கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் பல மாதம் நின்றுபோனால், போதிய உணவு இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிலர் வேறு வழி காட்டுவார்கள். ஊசி போட்டால் சீக்கிரம் பலம் வரும் என்பார்கள். அது தடை செய்யப்பட்ட மருந்தாக இருக்கும். பெண்களுக்குக் குரல் கரகரக்கும். மாதவிடாய் நிற்கும். கல்லீரல் கெடும். சோதனையில் பிடிபட்டால் பல ஆண்டு ஓட முடியாது. யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் பெயர் கேட்க வேண்டும். சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கோட்டைத் தொடும்போது

ஓட்டம் முடியும் கோட்டில் எது முதலில் தொட வேண்டும்? கையா, காலா, தலையா? எதுவும் இல்லை. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்புதான் கணக்கு. அதனால் கடைசி எட்டில் நெஞ்சை முன்னால் சாய்த்துக் கொடுக்க வேண்டும். அன்று தாம் அப்படிச் சாய்ந்து கொடுக்கவில்லை என்று உஷா சொல்லியிருக்கிறார். நெஞ்சைச் சாய்த்தால் ஏழு சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். இதையும் பழக வேண்டும். ஆனால் கோட்டுக்கு முன்பே குதித்தால் வேகம் குறையும்.

உஷா ஊர் திரும்பினார். மறுபடியும் பயிற்சி செய்தார். 1986-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஆசியப் போட்டி நடந்தது. 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம். 100 மீட்டரில் வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் ஐந்து தங்கம்தான் வென்றது. அதில் நான்கு இவை. 2002-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கினார்.

55.42 என்ற அந்த நேரத்தை இந்தியாவில் எந்தப் பெண்ணும் நெடுங்காலம் எட்டவில்லை. 2023 அக்டோபர் 2-ஆம் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் முதல் சுற்றில் ஓடினார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை தாண்டும் வீராங்கனைதான். வித்யா கோட்டைத் தாண்டியதும் பலகையில் நேரம் தெரிந்தது. 55.42. நூறில் ஒரு பங்குகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 39 ஆண்டு கழித்து அதே நேரம். மறுநாள் இறுதிச் சுற்றில் அவர் 55.68 நொடியில் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றார்.

செய்து பாருங்கள்

1. வித்யா முதல் சுற்றில் 55.42 நொடியில் ஓடினார். இறுதிச் சுற்றில் 55.68 நொடி. வேறுபாடு எவ்வளவு?

2. நேராக நின்று முன்னால் சாயுங்கள். உங்களுடைய எந்தக் கால் முதலில் வருகிறது? உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு எந்தக் கால் வருகிறது?

3. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓட்டப்போட்டி நடக்கும்போது விசில் ஊதுபவர் எங்கே நிற்கிறார்? பார்த்து வந்து சொல்லுங்கள்.

4. உங்கள் ஊரில் ஓடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா? பயிற்சி முடிந்ததும் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.